யமுனாவின் மொறுமொறுக் கோழி

குண்டூர் நாடு, கொல்லிமலை
10 ஜூன் 2024

யமுனாவின் அக்கா சுகுணாவுக்கு,

மாதனின் அக்கா அம்சவேணி எழுதுவது. இங்கே நானும் பாப்பா ஆர்த்தியும் இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பையன்களும் சுகமாக இருக்கிறீர்களா? கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் கேட்டேன்.

யமுனாவின் கருமாதி அன்று ஊரார் முன்னால் நீங்கள் என்னைப் பேசியதை நான் மறக்கவில்லை. அன்றைக்கே என் நம்பரையும் உங்கள் போனில் தடுத்துவிட்டீர்கள். பாப்பாவின் அப்பா, என் தம்பி மாதன், போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருக்கிறான். எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது. அதனால்தான் தபால்.

பாப்பா சாப்பிட மாட்டேன் என்கிறாள். அவள் அம்மா போன நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. பாவாடை இடுப்பில் நிற்பதில்லை, ஊக்கு குத்தி அனுப்புகிறேன். களி, சோறு, தோசை எதை வைத்தாலும் இரண்டு வாய். என்ன வேண்டும் என்று கேட்டால், "அம்மா செய்யற மொறுமொறுக் கோழிங்க அத்தை" என்கிறாள். செம்மேட்டில் கறி வாங்கி, ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "இது அது இல்லீங்க" என்றாள்.

நாமக்கல் வீட்டைக் காலி செய்தபோது யமுனாவின் ஏர் ஃப்ரையரை நீங்கள் எடுத்துப் போனீர்கள். அது அவள் வாங்கியது. அவளுக்கு அப்புறம் அது அவள் பிள்ளைக்குத்தான். அதைக் கொடுத்து அனுப்புங்கள். எப்படிச் செய்வது என்பதையும் எழுதுங்கள். அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று பாப்பா சொல்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அம்சவேணி


பேளுக்குறிச்சி
19 ஜூன் 2024

மாதனின் அக்கா அம்சவேணிக்கு,

எங்கள் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவள் எப்படி இருப்பாளோ அப்படி இருக்கிறேன்.

மிஷினைத் தர மாட்டேன். பாப்பாவைக் கொண்டுவந்து என் வீட்டில் விடுங்கள், நான் செய்து போடுகிறேன். ஏழு வயதுப் பிள்ளையைச் சாப்பிட வைக்கத் தெரியாதவர் நான் வளர்க்கிறேன் என்று எதற்காக அடம் பிடித்து வாங்கிப் போனீர்கள்?

ஊர் நோம்பிக்கு, தேர்த் திருவிழாவுக்கு என்று மலையேறி வந்தவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கசாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தவர் நீங்கள். கீழே கொண்டுவந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. என் தங்கையைப் பார்த்துக்கொண்ட அழகு அது. இப்போது அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அழகையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாப்பாவை என்னிடம் தரச் சொல்லி அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது உதவும்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சுகுணா


குண்டூர் நாடு
8 ஜூலை 2024

சுகுணாவுக்கு,

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாகவே இருங்கள். இங்கே நலமில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். இனி உங்களுக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன வாரம் பிரேயரில் நின்றபடியே பாப்பா மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் தூக்கிவைத்துக்கொண்டு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, "ஒண்ணுமில்லீங்க அத்தை, கண்ணு இருட்டிக்கிச்சு" என்று பெரிய மனுஷி மாதிரி எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்றார்கள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்தும் சோற்றோடு சேர்ந்தால்தானே உடம்பில் ஒட்டும்?

யமுனாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று வண்டிக்கு ஆள் அனுப்பியது நான். "தேர் பார்த்துட்டுப் போலாங்க அண்ணி, இதென்ன சாதாரணக் காய்ச்சல்" என்று அந்த வண்டியைத் திருப்பி அனுப்பியது அவள். இதைக் கருமாதி அன்றே சொல்லியிருப்பேன். செத்தவள் மேல் பழி போடுகிறாள் என்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

மனுக் கொடுப்பதானால் கொடுங்கள். அதிகாரி வந்து விசாரித்து முடிக்கும் வரை பாப்பாவுக்குப் பசிக்காதா? பக்கத்து வீட்டுச் சென்றாயன் மிளகு விற்கச் சந்தைக்கு உங்கள் ஊருக்கு வருகிறான். அவன் கையில் மிஷினைக் கொடுங்கள். எனக்காக வேண்டாம்.

அம்சவேணி


பேளுக்குறிச்சி
14 ஜூலை 2024

அம்சவேணிக்கு,

பாப்பா எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் கேட்கிறேன்.

சென்றாயன் கையில் ஏர் ஃப்ரையரைக் கொடுத்திருக்கிறேன். கூடையில் கீறல் விழாமல் துணியில் சுற்றியிருக்கிறேன். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

செய்முறை இதுதான். எலும்பில்லாத கோழியை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈரமில்லாமல் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கெட்டித் தயிர், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள் போட்டுப் பிசறி ஊற வையுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் போட்டுக் கையால் அழுத்துங்கள். தூள் உதிராமல் ஒட்டியிருக்க வேண்டும். மிஷினை வெறுமனே ஓடவிட்டுச் சூடேறிய பிறகு கூடையில் அடுக்குங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. மேலே லேசாக எண்ணெய் தடவி, பாதி வெந்ததும் திருப்பிப் போடுங்கள். அவ்வளவுதான்.

யமுனா வண்டியைத் திருப்பி அனுப்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளால் இனி இல்லை என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அது வசதிதான்.

இதற்குப் பிறகும் பாப்பா சாப்பிடவில்லை என்றால் குற்றம் மிஷினில் இல்லை.

சுகுணா


குண்டூர் நாடு
2 ஆகஸ்ட் 2024

சுகுணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மிஷின் பத்திரமாக வந்தது. அதைப் பார்த்ததும் பாப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

நீங்கள் எழுதியபடி ஒரு எழுத்து விடாமல் செய்தேன். கோழி வெந்தது. ஆனால் தூள் சிவக்கவே இல்லை. சுவரில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக, வாயில் போட்டால் மாவு மாவாக ஒட்டிக்கொள்கிறது. பாப்பா ஒரு கடி கடித்துவிட்டு, "பரவால்லீங்க அத்தை" என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுபடி செய்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் வைத்தேன், கோழி விறகாகிவிட்டது, தூள் அப்படியே வெளுத்துக் கிடக்கிறது. எண்ணெயை அதிகமாகத் தடவினால் திட்டுத் திட்டாக ஊறி நிற்கிறது. இங்கே மழையும் மூடுபனியுமாக இருப்பதால் தூள் நமத்துவிட்டதோ என்று ரஸ்க் பாக்கெட்டைப் புதிதாக உடைத்தும் பார்த்தாயிற்று.

எங்கே தப்பு என்று எழுதுங்கள். உங்களிடம் இதைக் கேட்பதற்கு எனக்கு எவ்வளவு கூசுகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பதில் எழுதுங்கள்.

அம்சவேணி


பேளுக்குறிச்சி
20 ஆகஸ்ட் 2024

அம்சவேணிக்கு,

நாங்கள் நலம். பாப்பாவின் நலம் அறிய ஆவல்.

தப்பு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மலையில்தான். அங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும், வந்தாலும் வோல்டேஜ் இருக்காது. அந்த மிஷின் டவுன் வீட்டுக்கு வாங்கியது. யமுனா மிஷினோடு வரும்போது என் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நானும் செய்திருக்கிறேன், ஒருநாளும் வெளுத்ததில்லை. பொன்னிறமாக வந்ததைப் பாப்பா எடுத்து எடுத்துத் தின்பாள். கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. அதை எழுதி அனுப்ப முடியாது.

காலாண்டுத் தேர்வு லீவுக்கு அவளை இங்கே அனுப்புங்கள். வந்து சாப்பிட்டுத் தேறட்டும். பிறகு அவளுக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறதோ அங்கே இருக்கட்டும். அனுப்பவில்லை என்றால் மனுவோடு நானே வருகிறேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததே போதும் என்றார்.

சுகுணா


குண்டூர் நாடு
9 செப்டம்பர் 2024

சுகுணா,

உங்கள் நலத்தை நான் கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்ய உட்கார்ந்தேன். இதுதான் கடைசி, இதிலும் வராவிட்டால் லீவுக்கு அவளைக் கீழே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டேன். முட்டையில் முக்கிய துண்டை ரஸ்க் தூளில் போடும்போது பாப்பா வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை, தூளை வறுக்கலீங்களா?" என்றாள்.

"எந்தத் தூளு கண்ணு?"

"ரஸ்க் தூளுங்க. அம்மா மொதல்ல வாணலியில எண்ணெய் ஊத்தி அதைச் செவக்க வறுப்பாங்க. ஆறுனப்புறந்தான் கோழியில ஒட்டுவாங்க. இல்லாட்டி மிஷின்ல கலரே வராதாம்."

"இத்தனை நாளா ஏஞ்சாமி சொல்லல?"

"பெரியம்மா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேங்க. அவங்களுக்கு அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்களும் வறுப்பாங்களே."

வறுத்தேன். ஒரு ஸ்பூன் எண்ணெயில், மணம் வரும் வரை. மிஷினைத் திறந்தபோது ஒவ்வொரு துண்டும் பொன்னிறமாக இருந்தது. அவள் கடித்த சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்டது. ஒன்று, இன்னொன்று என்று தின்றுகொண்டே இருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, வாயில் கோழியை வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா செத்ததிலிருந்து அழாத பிள்ளை, சுகுணா. மடியில் போட்டுக்கொண்டேன். அழுது முடித்துவிட்டு மிச்சத்தையும் தின்றாள்.

இது கைப்பக்குவமா? வோல்டேஜா? துணியில் ஒற்றுவதை எழுதத் தெரிந்தது, கூடையில் இடம் விட்டு அடுக்குவதை எழுதத் தெரிந்தது, தூளை வறுப்பது மட்டும் மறந்துபோயிற்றா? பட்டினி கிடக்கும் பிள்ளையை வைத்து என்னிடம் ஜெயிக்கப் பார்த்தீர்கள். உங்கள் தங்கை பிள்ளையை.

மனுவோடு வாருங்கள். இந்தக் கதையை அதிகாரியிடம் பாப்பாவே சொல்லட்டும்.

அம்சவேணி


பேளுக்குறிச்சி
28 நவம்பர் 2024

அம்சவேணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை என்று நினைப்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன். பாப்பா சாப்பிடுகிறாளா? எடை கூடியிருக்கிறதா?

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் அது பொய்யாகவே வந்தது. தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். சாப்பிடாமல் இருந்தால் பிள்ளை என்னிடம் வந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போது எழுதவே உடம்பு கூசுகிறது.

வீட்டை எதிர்த்து மாதனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளோடு பேசாமல் இருந்தேன். ஆர்த்தி பிறந்த பிறகுதான் ஒட்டினோம். அவளைப் புதைத்த இடம் உங்கள் மலையில். அவள் பிள்ளை உங்கள் வீட்டில். அவளுடையது என்று என்னிடம் இருந்தது அந்த மிஷின். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அந்த ஒரு பக்குவமாவது என்னோடு இருக்கட்டும் என்று தோன்றியது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

அவள் பிடிவாதக்காரி. வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பாள், எனக்கே தெரியும். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் சொன்னால் நீங்கள் கேட்டுவிடுவதா? நானாக இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

மனுக் கொடுக்கவில்லை. வக்கீலையும் பிறகு பார்க்கவில்லை.

சுகுணா


குண்டூர் நாடு
15 டிசம்பர் 2024

சுகுணாவுக்கு,

நாங்கள் சுகம். பாப்பா சாப்பிடுகிறாள். பாவாடைக்கு ஊக்கு தேவைப்படுவதில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் உங்களை மன்னிக்க வரவில்லை. சரிக்குச் சரியாகப் போயிற்று.

மாசியில் யமுனாவுக்கு வருஷத் திதி. பிப்ரவரி கடைசி ஞாயிறு என்று பெரியவர்கள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாதன் வருகிறான். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். கூடப் பிறந்தவளுக்குச் சொல்லவில்லை என்ற பேச்சு எனக்கு வேண்டாம், சொல்லிவிட்டேன்.

அம்சவேணி


பேளுக்குறிச்சி
6 ஜனவரி 2025

அம்சவேணிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன், பாப்பா உங்களிடம் இருப்பதால்.

திதிக்கு வருவேன். படையலை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களை விட்டால் எல்லா வீட்டிலும் வைப்பது போல வடையும் பாயசமும் வைத்து முடித்துவிடுவீர்கள். என் தங்கைக்கு என்ன பிடிக்கும் என்று கூடப் பிறந்த எனக்குத்தான் தெரியும். அவள் இலையில் அந்த மொறுமொறுக் கோழி இருந்தாக வேண்டும். என் கையால் செய்து வைப்பேன். மிஷினைத் துடைத்துத் தயாராக வையுங்கள். நான் அடுப்படியில் இருக்கும்போது கூட நின்று யோசனை சொல்ல வேண்டாம்.

வைத்துவிட்டு மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். உங்கள் வீட்டில் தங்க என்னால் முடியாது.

சுகுணா


குண்டூர் நாடு
4 மார்ச் 2025

சுகுணாவுக்கு,

மலையிறங்கிப் பத்திரமாக வீடு சேர்ந்தீர்களா? கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு வாந்தி வரும் என்று பாப்பா சொன்னாள். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று பஸ் போன பிறகுதான் தோன்றியது.

அன்று நீங்கள் போன பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருந்தால் நானும் ஒரு வரியை விட்டவளாவேன்.

நீங்கள் செய்த கோழி நன்றாக வந்திருந்தது. நான் செய்வதை விட நன்றாகவே வந்தது. இலையில் நீங்கள் அதை வைத்து விழுந்து கும்பிட்டபோது நான் அழுதேன், நீங்கள் பார்க்கவில்லை. உங்களை பஸ் ஏற்றிவிட மாதன் போனான். இலையை எடுக்கப் போனால் பாப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முகம் சுருங்கிக் கிடந்தது.

"என்ன கண்ணு?"

"அம்மா இதைத் தின்ன மாட்டாங்க அத்தை."

"ஏஞ்சாமி? அம்மாவுக்குப் பிடிச்சதுதானே?"

"இல்லீங்க. எனக்குப் பிடிச்சது. அம்மாவுக்குக் கோழியே ஆகாதுங்க. பண்ணையில நாளெல்லாம் அந்த வாசத்துலயே நிக்கறாங்களாம், ஊட்டுக்கு வந்தாலும் மூக்கை விட்டுப் போகாதாம். எனக்குச் செய்யறப்பக்கூட முந்தானையை மூக்குல கட்டிக்குவாங்க."

"அப்போ அம்மாவுக்கு என்னதான் பிடிக்கும்?"

"இட்லி உப்புமாங்க. மீந்த இட்லியை உதுத்து, கடுகு, பச்சமொளகா தாளிச்சு. வாணலியோடவே மடியில வெச்சுத் தின்பாங்க. கடைசி வாய் எனக்கு."

அவள் நாமக்கல் கோழிப் பண்ணையில் வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். நோம்பிக்கு வரும்போதெல்லாம் அவளுக்காகவே நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைப்பேன். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "நல்லா இருக்குங்க அண்ணி" என்று ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கறியை அவள் தொடவே இல்லை என்பது இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

மீந்த இட்லிக்கு நான் எங்கே போவேன்? மாவு இருந்தது. இட்லி அவித்துத் தட்டில் கொட்டி, ஆறட்டும் என்று நானும் பாப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மாதன் திரும்பி வந்தான். என்ன என்று கேட்டான். பாப்பா சொன்னாள். கட்டிக்கொண்டவன், அவனுக்கும் தெரியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பிறகு பாப்பாவே இட்லியை உதிர்த்தாள், நான் தாளித்தேன். சாயங்காலம் இன்னொரு இலை போட்டு வைத்தோம்.

உங்கள் கோழியைப் பாப்பா தின்றாள். ஒன்றும் வீணாகவில்லை.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. குத்திக்காட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத்தான்.

அம்சவேணி


பேளுக்குறிச்சி
13 மார்ச் 2025

அம்சவேணிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அடிவாரத்தில் கரவள்ளி வருவதற்குள் வாந்திதான். நீங்களும் பாப்பாவும் மாதனும் நலமா?

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்ட முயன்றேன், முடியவில்லை. அவரே வாங்கிப் படித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மிஷினோடு இங்கே வருவாள். என் அடுப்படியில் நின்று என் பையன்களுக்கும் அவருக்கும் எனக்கும் கூடை கூடையாகச் செய்து போடுவாள். "நீ உட்காரலையாடி?" என்று கேட்பேன். "நீங்க சாப்பிடுங்கக்கா, நான் அப்புறம்" என்பாள். அந்த அப்புறத்தில் அவள் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா, நான் எழுந்து போய்ப் பார்த்ததே இல்லை. ஒருவேளை எங்கள் காலைப் பலகாரத்தில் மீந்த இட்லியாக இருக்கும். திங்கட்கிழமை இட்லிப் பாத்திரம் காலியாக இருக்கும். பையன்கள் தின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நம் சண்டை இருக்கட்டும். அதை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை, எனக்கும் விட மனமில்லை. பள்ளிக்கூட லீவுக்குப் பாப்பாவை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் முடிவு, நான் இனி கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆர்த்தி நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அம்மாவுக்கு வேறு என்னென்ன பிடிக்கும் என்று கேளுங்கள். எந்தக் கலர், எந்தப் பாட்டு, டீக்குச் சர்க்கரை எவ்வளவு, எதற்குச் சிரிப்பாள், எல்லாம். பிள்ளை மறந்துபோவதற்குள் கேட்டுவிடுங்கள். கேட்டதை ஒரு வரி விடாமல் எனக்கு எழுதுங்கள்.

காத்திருக்கும்,
சுகுணா